ஆசாரி எடுத்த அளவு

"காலை நீட்டிப் படுத்தா இம்புட்டுதான் வரும். ஆளு வத்திட்டாரு, அகலத்தைக் கொறைச்சுக்கலாம்."

ராஜலிங்கம் ஆசாரியின் குரல். தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடந்தார் கறுப்பையா. தலையிலிருந்து கால்வரை கயிறு பிடித்து அளப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

புசல்லாவைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ஆசாரி கயிற்றோடு தொழிலாளர் லயத்துக்குள் நுழைந்தால் எதற்கென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேயிலை விலை விழுந்த வருஷம் அது. ஒழுகுகிற கூரைக்கு ஒரு தகரம் மாற்றித் தரமாட்டார் தோட்டத்துத் துரை. ஆனால் சாகக் கிடப்பவனுக்குச் சவப்பெட்டிப் பலகை மட்டும் சும்மா தருவார், மகராசன்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, அவரு காதுல விழுந்துறப் போவுது," என்றாள் கறுப்பையாவின் மனைவி அழகம்மா.

அடிப்பாவி, நீயுமா? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் கல் உருண்டு இடுப்பில் விழுந்ததிலிருந்து கறுப்பையாவுக்கு எல்லாமே படுக்கையில்தான். அழகம்மா கொழுந்து எடுத்துவிட்டு வரும்வரை ஈரச் சாக்கிலேயே கிடப்பார். முதுகெல்லாம் புண். அவள் வந்து தனியாளாகப் புரட்டித் துடைத்து, சாக்கைப் பீலியில் விழும் தண்ணீரில் அலசிப் போடுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் ஒருத்தி எவ்வளவு காலத்துக்குத்தான் பீ மூத்திரம் அள்ளுவாள்? சலித்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பக்கத்துக் காம்பரா மூக்காயி வந்தாள். அழகம்மா ஆபீஸ் வாசலில் விழுந்து புரண்டு அழுததையும், துரையே மனமிரங்கிப் பலகைக்குச் சொல்லிவிட்டதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனாள். அவள் போன சூட்டோடு கணக்குப்பிள்ளை வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கறுப்பையா நாக்கு உலர்ந்து, கண் பிதுங்கிக் கிடந்தார். 'நான் சாகலை ஐயா' என்று சொல்லத்தான் நினைத்தார், குரல் எழும்பவில்லை.

"தாங்காது," என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நடந்தார் கணக்குப்பிள்ளை.

பிறகு லயத்துக்குப் பின்னால் வாள் இழுக்கும் சத்தம் தொடங்கியது. கறுப்பையா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் அழகம்மா கஞ்சி கொண்டுவந்தாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஒரு வாய் குடிங்க."

"வேணாம் புள்ள." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "குடிச்சாத்தானே நனையும்? இனிமே குடிக்கவும் மாட்டேன், சாக்கை நனைக்கவும் மாட்டேன். ஒனக்கு ஒரு தொந்தரவும் வராது. என்னை உசுரோட பெட்டில மட்டும் போட்றாத."

அழகம்மா கஞ்சியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆசாரி முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு பலகைச் சாமானை உள்ளே இழுத்து வந்தார். கறுப்பையா கதிரேசன் சாமியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கண்ணைத் தொறந்து பாருங்க," என்றாள் அழகம்மா.

பார்த்தார். பெட்டிக்கு நாலு கால் இருந்தது. மூடி இல்லை. நடுவில், இடுப்பு வரும் இடத்தில், வழவழவென்று தேய்த்த வட்ட ஓட்டை. அதற்கு நேர் கீழே சாம்பல் போட்ட புதுச் சட்டி.

"நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாலும் இனி நீங்க ஈரத்துல கெடக்க வேணாம்." அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டிலுக்குன்னு கேட்டா துரை பலகை குடுப்பாரா? பெட்டிக்குன்னேன், குடுத்துட்டாரு. ஒங்களுக்குத்தான் பொய்யே வராதே, அதான் சொல்லல. கணக்குப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தா மட்டும் கொஞ்சம் மொனகுங்க."