மூச்சில் வந்த பிச்சிப்பூ

என் கணவர் தயாபரனுக்குச் செயற்கை நுரையீரல் பொருத்தி நாற்பது நாள் ஆகிறது. அவர் இழுக்கும் மூச்சில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அந்த நுரையீரலே மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். பூவில் பூஞ்சை இருக்குமாம். அதனால் நாற்பது நாளாக நான் தலையில் பூ வைக்கவில்லை. சாமி படத்துக்கும் பிளாஸ்டிக் மாலைதான்.

இன்று காலை நர்ஸ் போனில் சீறினார்.

“என்னம்மா நீங்க? நேத்து சாயங்காலம் சார் மூச்சுல பிச்சிப்பூ வந்திருக்கு. ரொம்பப் பக்கத்துல, முக்கால் மணி நேரம். பூ வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம்ல?”

நேற்று சாயங்காலம் முழுக்க நான் அவருடைய மாத்திரைக்காக மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன்.

போனைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீதான் பூ வச்சிருந்தேன்னு சொல்லிடு, சுகிர்தா.”