சிவப்புக் குமிழ்

ஒரே ஒரு ஊரிலே, "பயமா? அப்படின்னா இன்னா?" என்று கேட்கிற ஒரு ஜிம் மாஸ்டர் இருந்தான். ஊர் கள்ளக்குறிச்சி. பேர் இளவரசன். போன ஞாயிற்றுக்கிழமைகூடத் தன்னந்தனியாகக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வந்தான். எதுக்குப் போனீங்க என்று பெண்டாட்டி மணிமொழி கேட்டதற்கு, "ட்ரெக்கிங்" என்றான்.

அவனுக்குக் கடல்மேல் பெரிய காத்தாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறக்க ஆசை. கடல் இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் அந்த ஆசை ஜாஸ்தியாக வரும்.

பாண்டிச்சேரியிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்த எட்வின், "எடுத்ததும் தண்ணி கெடையாதுண்ணா. மொதல்ல மணல்ல காத்தாடிய அடக்கக் கத்துக்குங்க" என்று சொல்லிவிட்டான். ஆகவே அந்த ஆடி மாசக் காற்றில், மணலூர்பேட்டை ஆற்று மணல் கடற்கரை ஆனது.

ஜிம் பையன்கள் விசிலடிக்க வந்தார்கள். மணிமொழி வீடியோ எடுக்க வந்தாள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள், ஒரு எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் எடுத்துக்கினு வந்தாள்.

"மாப்ள, இதக் கையில கட்டிக்கினு போங்க. ஊரு கண்ணு..."

"அத்தே, காத்துக்கு ஏது கண்ணு?"

பழத்தைப் பிடுங்கினான். பாட்டில் தண்ணீரில் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தான்.

"பழம் ஜூஸுக்கு ஆச்சு. கயித்த ஆட்டுக்குட்டிக்குக் கட்டுங்க!"

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணிமொழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு, காத்தாடியை இடுப்போடு மாட்டுகிற பட்டையும் கைப்பிடியும் கிடந்த தார்ப்பாய் ஓரமாக உட்கார்ந்தாள்.

எட்வின் பட்டையை இளவரசனுக்கு மாட்டினான். அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புக் குமிழ்.

"உங்க உசுரு இதுலதான்ணா இருக்குது. இழுத்துக்கினு போச்சுன்னா, யோசிக்காம இதத் தள்ளுங்க. காத்தாடி செத்துடும், நீங்க பொழச்சுக்குவீங்க. தள்ளிப் பாருங்க."

தள்ளினான். டப்பென்று கொக்கி கழன்றது.

"தூக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தபாவும் இதப் பாக்கணும்."

"தெரியும் தம்பி. எத்தினி பேருக்கு நான் சேஃப்டி கிளாஸ் எடுத்திருக்கேன்!"

எட்வின் திரும்ப மாட்டிவிட்டு, காத்தாடியைத் தூக்கிப் பிடிக்கத் தூரமாகப் போனான். இளவரசன் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான்.

"இன்னாங்க பண்றீங்க? மூஞ்சி வரல" என்று மணிமொழி போனோடு கத்தினாள்.

"பட்டைய டைட் பண்றேன்டி!"

அங்கேயிருந்து எட்வின் கேட்டான்: "செவப்பு பாத்தாச்சா?"

இளவரசன் கட்டை விரலைக் காட்டினான்.

காத்தாடி ஏறியது. விசில் பறந்தது. அடுத்த நிமிஷம் ஒரு காற்று வந்தது பாருங்கள், ஜிம் மாஸ்டரைக் குப்புறத் தள்ளி, கோணி மூட்டை மாதிரிக் கரையோர முள்ளுக்காட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது.

"செவப்பு! செவப்பத் தள்ளுங்கண்ணா!"

தள்ளினான். நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினான். அசையவில்லை.

"ஐயோ அம்மா! காப்பாத்துங்கடா!"

எட்வின் பாய்ந்து போய் அவன்மேல் விழுந்தான். கத்தியால் எதையோ அறுத்து, குமிழைத் தள்ளினான். காத்தாடி தொப்பென்று மணலில் விழுந்தது. முள்ளுக்கும் மூஞ்சிக்கும் ஒரு முழம்தான்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். எட்வின் கையில் ஒரு துண்டு கறுப்புக் கயிறு.

"குமிழச் சுத்திச் சுத்திக் கட்டியிருக்குது. யாரு பண்ண வேலை இது?"

அத்தனை பேரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் மணலில் குனிந்து நிமிர்ந்தாள். ஒரு கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இளவரசன் முதலில் எட்வினைப் பார்த்தான். அப்புறம் பையன்களைப் பார்த்தான். அப்புறம்தான் மாமியாரைப் பார்த்தான்.

"வேணாம்னு சொன்னேன் இல்ல? திருட்டுத்தனமாக் கட்டிட்டீங்களா? உங்க மூடநம்பிக்கைக்கு நான் சாவணுமா? இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க!"

"ஏம்மா இப்படிப் பண்ண? என் தாலிய அறுக்கப் பாத்தியே!" என்று மணிமொழியும் அழுதாள்.

கொளஞ்சியம்மாள் மூடிய கையோடு தள்ளிப் போய் நின்றாள்.

காத்தாடியைச் சுருட்டிக்கொண்டு எட்வினும் பையன்களும் கரைமேல் டீக்கடைக்குக் கிளம்பினார்கள். மணிமொழி திரும்பிப் பார்த்தாள். இளவரசன் மட்டும் முட்டி போட்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க தேடுறீங்க?"

"வாட்ச்சு."

வாட்ச் அவன் கையில் இருந்தது.

கொளஞ்சியம்மாள் கிட்டே வந்தாள். பையைத் திறந்து, பிரிக்காத தன் கறுப்புக் கயிற்றை மகளுக்குக் காட்டினாள். அப்புறம், இத்தனை நேரம் மூடியிருந்த இன்னொரு கையை மருமகன் முன்னால் விரித்தாள்.

ஒரு செம்புத் தாயத்து. அதில் அறுந்த கயிறு தொங்கியது.

"கல்வராயன் மலைல மந்திரிச்சதா மாப்ள?"

இளவரசன் மணலைத் துழாவுவதை நிறுத்தினான்.

"பசங்க எதிர்ல காட்டுனா உங்களுக்குக் கேவலம்னுதான் கையிலயே வெச்சுக்கினு இருந்தேன். அடுத்த தபா இடுப்புல கட்டிக்கோங்க. அந்தச் செவப்புல மட்டும் கட்டாதீங்க. என் பொண்ணுக்கு நீங்க வேணும்."

தாயத்தை அவன் கையில் வைத்துவிட்டு, கார் நின்ற பக்கம் போகாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

மணிமொழி போனைப் பையில் போட்டுக்கொண்டு அம்மா பின்னால் ஓடினாள்.

இளவரசன் நாலு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. தாயத்தைக் கண்ணில் ஒற்றிப் பனியனுக்குள் செருகிக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சேஃப்டியைப் பற்றிப் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்ல டீக்கடைப் பக்கம் நடந்தான்.