தண்ணீர் ஊற்றும் தண்டனை

“நகராட்சி நிலத்துல கத்தரிக்காய் பறிச்சிருக்கீங்க. வெட்கமா இல்ல?” என்று பூங்கா அதிகாரி அதட்டினார்.

தையல்காரர் பையிலிருந்த ஐந்து காய்களையும் மேஜையில் வைத்தார். “தப்புதான் சார்.”

“நாங்க பாடுபட்டு வளர்ப்போம், நீங்க நோகாம பறிப்பீங்களோ? ஒரு மாசம் தினமும் வந்து அந்தச் செடிகளுக்குத் தண்ணி ஊத்துங்க. அதுதான் தண்டனை.”

“எனக்குச் செடி வளர்த்தெல்லாம் பழக்கமில்லையே சார்...”

“பழகிக்குங்க!”

கூட வந்த மனைவி வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாள். “விதை போட்டு வளர்த்ததே நீங்கதான்! வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

“மெதுவா பேசு. நட்டது நான்னு சொன்னா ஆக்கிரமிப்புன்னு உள்ள வச்சிடுவாங்க. இத்தனை நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊத்தின தண்ணியை இனிமே உத்தரவோட ஊத்தலாம்.”

“அப்போ காய்?”

தையல்காரர் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார். அதிகாரி ஐந்தையும் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.