சோடாப் பிள்ளை

"எங்கட சோடாப் பிள்ளையைத் திருப்பித் தா!"

மன்னாரில் ஜுனைதீன் சோடாக் கம்பனி வாசலில் சனம் கூடி நின்று கத்தியது.

முன்னுக்கு நின்றவன் டிலுக்சன். பஸ் ஸ்ராண்டடியில் போன் கடை வைத்திருப்பவன். பேஸ்புக்கில் அவன் போட்ட ஒரு பதிவுதான் இவ்வளவு பேரையும் கொண்டுவந்து சேர்த்தது.

இரட்டைப் பின்னல், முன்பல் விழுந்த சிரிப்பு, கையில் ஒரு போத்தல். சண்டை நின்ற சமாதான காலத்தில் கம்பனி தொடங்கிய நாளிலிருந்து போத்தல் லேபலில் எல்லாக் கடைகளிலும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை. முதலாளி பவ்ஸான் திடீரென்று அந்தப் படத்தை எடுத்துவிட்டு, வெறும் நீல அலையைப் போட்டுவிட்டார்.

பவ்ஸான் வெளியே வந்தார்.

"பவ்ஸான் நானா, உங்கட வாப்பா வைச்ச படம் அது. எடுக்க எப்பிடி மனம் வந்தது?" என்றான் டிலுக்சன்.

"கம்பனி என்ர. மாத்தினதும் நான்தான்."

"ஏன் மாத்தினீங்கள்?"

"காரணம் சொல்லேலாது, தம்பி."

"அது உங்கட படம் மட்டுமில்லை, எங்கட சின்ன வயசு! உங்களுக்கு வியாபாரம்தான் விளங்கும். சனத்தின்ர மனசு விளங்காது."

சனம் கைதட்டியது. பவ்ஸான் உள்ளே போனார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள்கூட அவரைத் திட்டினார்கள். கல்நெஞ்சன் என்றார்கள். கடைக்காரர் சோடா எடுப்பதை நிற்பாட்டினார்கள்.

கடைசியில் போத்தல் கழுவும் யசிந்தா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"முதலாளி, எங்களுக்கு வேலை இல்லாமப் போகுது. ஒரு படம்தானே. போட்டால் என்ன?"

பவ்ஸான் கணக்குக் கொப்பியை மூடினார்.

"சரி பிள்ளை. போடுறன்."

ஊர் வெடி கொளுத்தியது. புது லேபல் ஒட்டின போத்தல்கள் எல்லாக் கடைகளுக்கும் போயின. டிலுக்சன் தன் செலவிலேயே பெரிய போஸ்டர்கள் அடித்து, தலைமன்னார் றோட்டு நெடுக ஒட்டிக்கொண்டு போனான்.

பேசாலையில் ஒரு கடைச் சுவரில் ஒட்டி முடிக்கும்போது, சாரம் கட்டிய ஒரு கிழவர் வந்து நின்றார். படத்தைத் தொட்டுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இவளை எங்க கண்டனீங்கள்?"

இவரும் நம்மைப்போல ஒரு ஆள்தான் என்று டிலுக்சனுக்குச் சந்தோஷம். "எல்லா இடமும் நிக்கிறா, ஐயா. திரும்பி வந்திட்டா!"

"வந்திட்டாளோ? எங்க? என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ!"

கிழவர் அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

பின்னால் ஒரு அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, மாதாவே... திரும்பப் போட்டிட்டாங்களோ?"

"எடித், றஞ்சிதா வந்திட்டாளாம்! இந்தத் தம்பி சொல்லுறார்!"

"இஞ்சாருங்கோ, வீட்ட போவம். வாங்கோ."

"அவள் எங்க எண்டு சொல்லு!"

எடித் அவர் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"எங்கட பிள்ளை செத்துப் போச்சு, பெனடிக்ற்."

கிழவர் அலறிக்கொண்டு றோட்டிலேயே குந்திவிட்டார். அன்றைக்குத்தான் செத்த வீடு நடந்ததுபோல அழுதார்.

டிலுக்சன் பசை வாளியைக் கீழே வைத்தான். "அன்ரி... இது உங்கட மகளோ?"

"ஓம் தம்பி. அப்ப மன்னாரில ஜுனைதீன் நானா வீட்டுக்குப் பக்கத்து வீடு நாங்கள். முதல் போத்தலை இவளிட்டக் குடுத்துத்தான் படம் எடுத்தவர். பிறகு திரும்ப வந்த சண்டைக்குள்ள இந்தியாவுக்குப் போகேக்க படகு கவிண்டு, பிள்ளை கடலோட போயிட்டுது. அங்க அகதிக் காம்பில இருந்து போன வருசம்தான் திரும்பி வந்தனாங்கள்."

"ஐயாவுக்கு என்ன, அன்ரி?"

"இவருக்கு ஒண்டும் ஞாபகத்தில நிக்குதில்லை. படத்தைக் காணுற நேரமெல்லாம் பிள்ளை எங்க எண்டு கேப்பார். பொய் சொன்னால் தேடிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். உண்மையைச் சொன்னால் இப்பிடி. பாக்க ஏலாமத்தான் பவ்ஸான் தம்பியிட்டப் போய் அழுதனான். அடுத்த நாளே படத்தை எடுப்பிச்சார். ஆருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா எண்டவர்."

எடித் கணவரைத் தூக்கி நிமிர்த்தினார். அவர் திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டே போனார்.

டிலுக்சன் போஸ்டரை நகத்தால் சுரண்டிக் கிழித்தான். அடுத்த கடையில் ஒன்று தெரிந்தது. அதற்கு அடுத்த கடையிலும் ஒன்று. குளிர்ப்பெட்டி நிறையப் போத்தல்கள், எல்லாவற்றிலும் அதே பிள்ளை.

பவ்ஸானுக்குப் போன் எடுத்தான்.

"நானா, அண்டைக்கே காரணத்தை என்னட்டச் சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தால், தம்பி, அதையும் நீ பேஸ்புக்கில போட்டிருப்பாய்."