அள்ளிய பகடை

“உங்க மச்சினன் கள்ள ஆட்டம் ஆடறார்.”

மருந்துக்கடைக்காரர் காதோரம் வந்து சொன்னதும் தையற்காரருக்குச் சுருக்கென்றது.

“என்னய்யா சொல்றீங்க?”

“கண்ணு இருக்கில்ல, நீங்களே பாருங்க. பகடையை உருட்டறார், எண்ணைச் சொல்றார், உடனே அள்ளிக்கிறார். மதியத்துலேர்ந்து இதே கதைதான்.”

மாதத்தில் ஒரு ஞாயிறு, சைக்கிள் கடை மாடியில், அவர்கள் சங்கத்தின் போர் விளையாட்டு நாள். மேசைக்கு மேசை தெர்மோகோல் மலைகள், நீலத்துணி ஆறுகள், வர்ணம் பூசிய விரல் உயரச் சிப்பாய்கள். தையற்காரர்தான் செயலாளர். அவர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்தான் அங்கே சட்டம். எந்தப் படையையும் அரை இஞ்ச் கூடுதலாக நகரவிட மாட்டார்.

பகடைக்கு மட்டும் சட்டம் கிடையாது. உருட்டியவரே எண்ணைச் சொல்வார். பகடை மேசையிலேயே கிடக்கும். ஆனாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால், ‘நீ திருடன்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

மச்சினன் பஸ் டிரைவர். அவனைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதே தையற்காரர்தான்.

“மச்சான் தயவிருந்தா மலையேறிப் பிழைக்கலாம்னு சும்மாவா சொன்னாங்க?” மருந்துக்கடைக்காரர் இழுத்தார். “அதுவும் யார்கிட்ட வேலையைக் காட்டறார் பாருங்க. ஊரைவிட்டுப் போற மனுஷன்கிட்ட.”

அதுதான் அதிகமாகச் சுட்டது. மச்சினனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் வாட்ச் ரிப்பேர்க்காரர். கண் மங்கிப்போய்க் கடையை மூடிவிட்டார். இந்த வாரம் மகன் வீட்டோடு போகிறார். இதுதான் கடைசி ஆட்டம். பெரிய மேசையில் ஜெயிப்பவரின் படையை வாசல் கண்ணாடி அலமாரியில் ஒரு மாதம் நிறுத்திவைப்பது சங்கத்து வழக்கம். வாட்ச்காரர் படைக்கு அந்த யோகம் ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

இன்று பக்கத்தில் அவர் மனைவி வேறு.

“மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என்னை விட்டுட்டு ஓடி வந்தீங்களே, அந்தச் சக்களத்தி யாருன்னு பார்க்க வந்தேன்” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தாள்.

தையற்காரர் பெரிய மேசைப் பக்கம் போனார்.

மச்சினன் பகடையை உருட்டினான். “ரெண்டு” என்றான். சொன்ன சூட்டோடு அள்ளிக்கொண்டான்.

தையற்காரருக்குக் காது மடல் சுட்டது. மாடி முழுக்கத் தன் முதுகையே பார்ப்பது போலிருந்தது.

“ஏன்டா அள்றே?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“ஸ்டியரிங் பிடிச்ச கை அத்தான். சும்மா இருன்னா கேக்க மாட்டேங்குது.”

இளிப்பு வேறு! இவனுக்காகத்தானே ஒவ்வொருவரிடமும் போய், ‘தங்கமான பையன், நான் பொறுப்பு’ என்று சொல்லிவைத்தோம்?

ஆட்டம் முடியும் கட்டம். ஆற்றுப் பாலம்தான் பாக்கி. மச்சினனுக்கு மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் பாலம் அவனுக்கு. குறைந்தால் வாட்ச்காரருக்கு. பாலம் யாருக்கோ வெற்றி அவருக்கு.

வாட்ச்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பகடை உருண்டு நின்றது. அதே வேகத்தில் மச்சினனின் உள்ளங்கை அதை மூடியது.

தையற்காரர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எடுடா கையை!”

“அத்தான், வேண்டாம்.”

“என்ன விழுந்துச்சு? சொல்லிட்டுக் கையை எடு.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒண்ணு.”

தையற்காரர் அந்தக் கையை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

அவர் முகம் செத்துப்போயிற்று. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் பகடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்னங்க? என்ன விழுந்திருக்கு?” வாட்ச்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

தையற்காரர் பகடையைச் சட்டைப்பையில் போட்டார். “ஒண்ணுதாங்க. பாலம் உங்களுக்கு.”

வாட்ச்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “உங்ககிட்ட சின்னப் பிள்ளை தோத்தது போங்க!” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அட, தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கு” என்று முணுமுணுத்தபடி மருந்துக்கடைக்காரர் மெல்ல நழுவினார்.

“சொந்த மச்சினனையே சந்தேகப்பட்டாரே!” யாரோ சொன்னது தையற்காரர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, “தப்பு என்னோடதுதான்” என்று மட்டும் சொன்னார்.

வாட்ச்காரர் தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தும்வரை தையற்காரர் ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் போனபிறகு மச்சினன் பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே படி இறங்கினான்.

“அத்தான், என்மேல கோபமா?”

தையற்காரர் பாதிப் படியில் நின்றுவிட்டார். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உன்மேலயா? திருடன்னு நெனச்சு உன் கையைப் பிடிச்சேனேடா... அந்த வெட்கத்துலதான், ஆறு விழுந்ததை ஒண்ணுன்னு என் வாயும் சொல்லிடுச்சு.”