முழங்கை

பூங்காவில் பறவை காட்ட ஆட்களை அழைத்துப்போகும் என் கணவருக்கு இப்போது மெல்லிய குரல்கள் கேட்பதில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. ஒட்டி நடந்து அவர் முழங்கையைத் தொடுவேன்: ஒரு முறை தொட்டால் தேன்சிட்டு, இரு முறை என்றால் பூக்கொத்தி. கொஞ்ச நாளாகவே குரல்கள் குறைந்துவந்தன. சாலைக்காக மரங்களை வெட்டியதால்தான் என்றிருந்தேன். இன்று ஒன்றுமே இல்லை. கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம்தான் அப்படி நிற்பார்? பொய்யாக ஒரு முறை தொட்டேன்.

“தேன்சிட்டு! கேக்குதா?”

“சார், இது பூக்கொத்தியில்ல? விடாம கூப்பிடுதே,” என்றாள் முன்னால் நின்ற பெண். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உற்றுக் கேட்டேன்; எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என் விரலைத் தேடி அவர் முழங்கை மெதுவாகப் பின்னால் வந்தது.