ஒரு பிடி மண்

நீச்சல்குளத்தில் ஒரு தூசிகூட இல்லாததுதான் சிக்கலாகிவிட்டது. விற்பனைக்காரன் கொண்டுவந்த, குளம் சுத்தம் செய்யும் இரண்டு இயந்திரங்களும் கரையில் காத்திருந்தன. ஒன்று ப்ரஷர் வகை, பம்பு தள்ளும் தண்ணீரின் வேகத்தில் குழாயோடு ஓடுவது. மற்றது கரண்டில் தானே ஊர்ந்து திரியும் ரோபோ. "ப்ரஷரா, ரோபோவான்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க மேடம். ஆனா அழுக்கே இல்லியே?" என்றான். அதற்குக் காரணமான, தினமும் குளத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் சவரிமுத்து, நீளக்கம்பு பிரஷ்ஷோடு ஓரமாக நின்றிருந்தார். பம்பு சர்வீஸுக்கு ஆள் வருவதாகத்தான் வீட்டுக்காரி நாச்சம்மை அவரிடம் சொல்லியிருந்தாள். "அண்ணே, கொஞ்சம் மண்ணள்ளிப் போடுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முகம் சுட்டது. சவரிமுத்து பிரஷ்ஷைச் சாய்த்து வைத்தார். செம்பருத்திப் பாத்தியில் குனிந்து இரண்டு கையிலும் அள்ளிவந்து, ஒரு கை மண்ணை விதை தூவுவதுபோல் தண்ணீரில் தூவினார். ப்ரஷர் இயந்திரம் ஓடியது. மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டது. பழக்கதோஷத்தில் அவர் காலியான கையால் பிரஷ்ஷை எடுக்க, "தொடாதீங்க" என்று விற்பனைக்காரன் தடுத்தான். அடுத்து ரோபோ இறங்கியது. மூலை, படி, சுவர் எதையும் விடாமல் உறிஞ்சிவிட்டுக் கரையோரம் வந்து நின்றது. "பாத்தீங்களா மேடம்? இனி ஆளே வேணாம்." நாச்சம்மை தண்ணீரைப் பார்த்தபடியே தலையசைத்தாள். சவரிமுத்துவின் இன்னொரு கை அதுவரை மூடியே இருந்தது. விரலிடுக்கில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. "இது மிச்சம் இருக்குதும்மா" என்றார். "எங்க போட?"